தசைத் தளர்ச்சிக்கு ஒரு மாத்திரை



காலையில் தெம்பாக வேலைக்குப் போனவருக்கு மாலையில் கண்ணிமை தொங்குகிறது. எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிகிறது. சோறு மெல்லும்போதே தாடை சோர்கிறது. ஓய்வெடுத்தால் சற்றுத் தேறுகிறது. இதைச் சோம்பல் என்றோ, திருஷ்டி என்றோ நாம் ஒதுக்கிவிடக் கூடாது. மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைத் தளர்ச்சி நோயாக இது இருக்கலாம்.

நமது நரம்புகள், அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சுரந்து தசைகளை இயக்குகின்றன. இந்நோயில் அதன் ஆணை தசையில் சரியாகப் பதிவதில்லை. பைரிடோஸ்டிக்மின் மாத்திரை, அப்பொருள் விரைவில் சிதையாமல் காத்து, சில மணி நேரம் தசைக்கு வலுவூட்டுகிறது. இவ்வகை மருந்தின் பயனை 1934-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எடுத்துக்காட்டியவர் மேரி வாக்கர் என்ற பெண் மருத்துவர்.

ஆனால், இம்மருந்து கைகால் தசைகளோடு நின்றுவிடுவதில்லை. ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழல் சுருங்கிச் சளி பெருகலாம். நாடித்துடிப்பு மெதுவாக உள்ளவருக்கு அது மேலும் குறையலாம். வயிற்றுப்புண் மோசமாகலாம். குடலோ சிறுநீர்ப் பாதையோ அடைபட்டிருந்தால் இம்மாத்திரை கூடவே கூடாது.

வேறு சில மருந்துகள் இந்நோயின் தளர்ச்சியை அதிகமாக்கும். ஜெண்டமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகள், சிப்ரோஃப்ளோக்சசின், மலேரியாவுக்கான குவினைன், இரத்த அழுத்தத்திற்கான புரோப்ரனலால் ஆகியவை அவற்றுள் சில. ஆகவே, காய்ச்சலுக்குப் போனாலும் பல் பிடுங்கப் போனாலும், "எனக்கு இந்த நோய், நான் சாப்பிடுவது இந்த மாத்திரை" என்று முதலில் சொல்லிவிட வேண்டும்.

தோட்டத்தில் வாழும் நாம் இன்னொன்றையும் அறிய வேண்டும். மாலத்தியான் போன்ற பூச்சிமருந்துகள் உடலில் செய்வதும் இம்மாத்திரை செய்யும் அதே வேலைதான். இரண்டும் சேர்ந்தால் அளவு மீறிவிடும். இம்மாத்திரை சாப்பிடுகிறவர், மருந்தடிக்கும் வேலைக்கு முன்பே மருத்துவரிடமும் மேற்பார்வையாளரிடமும் சொல்ல வேண்டும்.

மாத்திரை குறைந்தாலும் தளர்ச்சி, மிகுந்தாலும் தளர்ச்சி! எச்சில் ஊறி, வியர்த்து, வயிற்றுப்போக்கும் தசைத் துடிப்பும் சேர்ந்து வந்தால் மருந்து மிகுந்திருக்கலாம். தளர்ச்சி கூடுகிறதே என்று நாமாகவே இன்னொரு மாத்திரை போடக் கூடாது. நாமாகவே நிறுத்தவும் கூடாது. மூச்சுவிடவோ விழுங்கவோ திணறினால், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

நோயின் பெயரையும் மாத்திரையின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி அடையாள அட்டையோடு வைத்திருப்போம். நாம் பேச முடியாத நேரத்தில் அச்சீட்டு நமக்காகப் பேசும்.