இடிக்க ஒரு ஜேசிபி போதும். திரும்பக் கட்ட?

ஏழாயிரம்பண்ணையில் நடந்த நம் கூட்டத்தில் நான் பேசியதை எழுத்தில் போடச் சொல்லி நிறையப் பேர் கேட்டீர்கள். பேசியது பேசியபடியே தருகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

மேடையில இருக்கிற பெரியவங்களுக்கும், தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிச்சு முகம் கழுவக்கூட நேரமில்லாம வந்து உட்கார்ந்திருக்கிற அக்காமார்களுக்கும், பட்டாசு ஆலையில இருந்து நேரா வந்திருக்கிற அண்ணன்மார்களுக்கும் என் வணக்கம்.

நான் சிவில் இன்ஜினியரிங் முடிச்சவன். நாலு வருஷப் படிப்புல சிமெண்ட் பத்தி புத்தகம் புத்தகமா படிச்சேன். நம்ம தாத்தன் பாட்டன் கட்டுன சுண்ணாம்புக் காரை பத்தி அரைப் பக்கம்தான் படிச்சேன். அந்த அரைப் பக்கத்தோட மதிப்பு எனக்கு லேட்டாத்தான் புரிஞ்சது. அதைச் சொல்லத்தான் இன்னைக்கு நிக்கிறேன்.

எங்க அம்மா ஊர்ல ஒரு சாவடி இருந்துச்சு. கல் தூண், செங்கல் சுவர், சுண்ணாம்புத் தளம். ஊர்க் கூட்டம், பஞ்சாயத்து, ஆடுபுலி ஆட்டம் எல்லாம் அங்கதான். வெயில் காலத்துல உள்ள போனா ஏசி போட்ட மாதிரி இருக்கும். நான் ஆறாவது படிக்கிறப்போ, நல்லது செய்றதா நெனச்சு, சுவர் பூரா சிமெண்ட் பூசுனாங்க. பளபளன்னு இருந்துச்சு. நாலே மழைக்காலம். சுவர்ல உப்புப் பூத்துச்சு, பூச்சு பாளம் பாளமா விழுந்துச்சு. கடைசியில 'ஆபத்தான கட்டடம்'னு சொல்லி ஒரே நாள்ல ஜேசிபி வச்சு தள்ளிட்டாங்க. இன்னைக்கு அந்த இடத்துல தகரக் கொட்டகை நிக்குது.

யாரையும் குத்தம் சொல்ல வரல. அந்தச் சாவடித் தூண் ஒண்ணுல ஏதோ எழுத்து வெட்டியிருந்துச்சு. அதுல சாய்ஞ்சு நின்னு நானே எத்தனையோ செல்ஃபி எடுத்திருக்கேன். எல்லாப் படத்துலயும் என் மூஞ்சி இருக்கு, எழுத்து இல்ல. அந்தத் தூண் இப்போ எங்க கிடக்குன்னும் தெரியல. எழுத்தை ஒரு படம் எடுக்காத குத்தம் என்னோடது.

சிமெண்ட் பூசுனா ஏன் கெட்டுப் போச்சு? பழைய சுவர் தரையில இருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சுல நுண்ணிய துவாரம் நிறைய இருக்கிறதால, அந்த ஈரம் ஆவியா வெளியே போயிடும். சிமெண்ட் அதை அடைச்சுடும். உள்ளே மாட்டுன ஈரம் செங்கல்ல இருக்கிற உப்பைக் கரைச்சு, காயும்போது செங்கல்லையே பொடியாக்கும். வேர்த்துக் கொட்டுற மனுசனுக்குப் பிளாஸ்டிக் சட்டை போட்டு விட்ட கதைதான்.

சுண்ணாம்பு அப்படி இல்ல. காத்துல இருக்கிற கரியமில வாயுவை இழுத்து மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாவே மாறும். சின்ன விரிசல் விட்டா தானே மூடிக்கும். கடுக்காயும் வெல்லமும் ஊறவச்ச தண்ணி ஊத்தி அரைச்ச காரை இன்னும் உறுதி. மதுரை திருமலை நாயக்கர் மகால் போனா அந்தத் தூண்களையும் வளைவுகளையும் பாருங்க. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த வேலைப்பாடு அது. 1636ல கட்டுனது. நாம இன்னைக்குப் பார்க்கிறது அந்த அரண்மனையில சுமார் கால் பங்குதான். அதுவும் எப்படி மிஞ்சுச்சு? 1866ல இருந்து 1872 வரை சென்னை கவர்னரா இருந்த நேப்பியர் பிரபு அதைப் பழுதுபார்த்து, அரசு வேலைக்குப் பயன்படுத்த வச்சார். கோர்ட் நடந்துச்சு. ஆள் நடமாட்டம் இருந்ததால கட்டடம் பொழச்சுது. பூட்டி வச்ச வீடு என்ன ஆகும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும்.

அடுத்து, நெருப்பு. இந்த ஊர்ல நெருப்பைப் பத்திப் பேச எனக்குத் தகுதி இல்ல. மருந்து அறைக்குள்ள எத்தனை பேர் இருக்கணும், எவ்வளவு மருந்து இருக்கணும்னு ஏன் கணக்கு வச்சிருக்காங்கன்னு எனக்கு முன்னாடி உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருத்தருக்கும் தெரியும். அதனால மூணு தீ விபத்தை மட்டும் உங்க முன்னால வைக்கிறேன்.

2012 ஜனவரி. சென்னை சேப்பாக்கம் எழிலக வளாகத்துல கலச மகால் எரிஞ்சுது. 1768ல ஆற்காட்டு நவாப் கட்டுன அரண்மனையோட பகுதி அது. தீயணைக்கப் போன அதிகாரி ஒருத்தர் உயிரையே கொடுத்தார். இடிச்சுத் தள்ளிடலாம்னு விட்டிருந்தா அதோட கதை முடிஞ்சிருக்கும். ஆனா பொதுப்பணித்துறை அதைப் பழைய முறையிலேயே மீட்டெடுத்துச்சு. இன்னைக்கு அங்க தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தோட தென்மண்டல அமர்வு நடக்குது.

2018 பிப்ரவரி 2. மதுரை மீனாட்சி அம்மன் கோயில். ராத்திரி கடைகள்ல பிடிச்ச தீ, வீரவசந்தராயர் மண்டபத்தைத் தின்னுச்சு. கல் எப்படிங்க எரியும்னு கேட்டவங்க உண்டு. கல் எரியாது, வெடிக்கும். கருங்கல்லுக்குள்ள குவார்ட்ஸ் படிகம் இருக்கு. 573 டிகிரி செல்சியஸ்ல அதோட அமைப்பே மாறி, திடீர்னு விரியும். அதுல கல் விரிசல் விடும். நானூறு வருஷம் நின்ன தூண் ஒரு ராத்திரியில போச்சு. கோயிலுக்குள்ள கடை வேண்டாம்னு கோர்ட் சொன்னதெல்லாம் அதுக்கப்புறம்தான். தரமான கல் தேடி நாமக்கல் மாவட்டம் வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு.

2019 ஏப்ரல் 15. பாரீஸ் நோத்ர தாம் தேவாலயம். கூரை முழுக்க எரிஞ்சு விழுந்ததை உலகமே டிவியில பார்த்துச்சு. சுமார் 2,000 ஓக் மரங்களை வெட்டி, பழைய தச்சு முறையில கூரையைச் செஞ்சு, 2024 டிசம்பர்ல திறந்துட்டாங்க. மதுரையில தீப்பிடிச்சது அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி. நோத்ர தாம் திறந்த அன்னைக்கு நம்ம மண்டப வேலை இன்னும் முடியல. பாரீஸ்ல பணம் குவிஞ்சுது, உண்மைதான். ஆனா பணம் மட்டும் காரணமில்ல. ஆண்ட்ரூ டாலன்னு ஒரு கலை வரலாற்றுப் பேராசிரியர், 2010லயே அந்தக் கட்டடத்தை லேசர் வச்சு அங்குலம் அங்குலமா அளந்து வச்சிருந்தார். அவர் 2018ல இறந்துட்டார். தீ விபத்தை அவர் பார்க்கல. ஆனா அவர் எடுத்து வச்ச அளவு, மீட்கிற வேலைக்குக் கை கொடுத்துச்சு.

லேசர் நம்மகிட்ட இல்ல. செல்போன் இருக்கு. இந்தப் பதிவைப் படிக்கிற எல்லார் கையிலயும் இருக்கு.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 1799 அக்டோபர் 16ல கட்டபொம்மனைக் கயத்தாறுல தூக்குல போட்டாங்க. அதோட நின்னாங்களா? பாஞ்சாலங்குறிச்சியோட சேர்த்து ஏழாயிரம்பண்ணை பாளையத்தையும் கம்பெனிக்காரன் பறிமுதல் செஞ்சான். பாளையக்காரங்க கோட்டைகளை இடிக்க உத்தரவு போட்டான். ஏன் இடிச்சான்? கோட்டை நின்னா ஞாபகம் நிக்கும், ஞாபகம் நின்னா மறுபடியும் எந்திரிப்பாங்கன்னு அவனுக்குத் தெரியும். அது நடந்துச்சு. 1801ல ஊமைத்துரை சிறையில இருந்து தப்பி வந்ததும் முதல்ல கையை வச்சது கோட்டையைத் திரும்ப எழுப்புறதுலதான். அதையும் பிடிச்சுத் தரைமட்டமாக்குனாங்க.

இன்னைக்குப் பாஞ்சாலங்குறிச்சியில நாம பார்க்கிற கோட்டை 1974ல அரசு கட்டுன நினைவுச் சின்னம். அது வேணும். ஆனா அது கட்டபொம்மன் நின்ன கோட்டை இல்லைன்னு பிள்ளைகளுக்குச் சொல்லணும். 1964ல வெனிஸ் நகரத்துல உலக வல்லுநர்கள் கூடி எழுதுன சாசனமும் இதைத்தான் சொல்லுது. பழுதுபார், ஆனா ஊகத்துல எதையும் சேர்க்காதே. புதுசா சேர்த்தது புதுசுன்னு தெரியணும்.

அன்னைக்கு அந்நியன் பீரங்கி வச்சு இடிச்சான். இன்னைக்கு நாமளே டெண்டர் போட்டு இடிக்கிறோம். கல் தூணுக்கு எனாமல் பெயிண்ட் அடிக்கிறோம். மணலைப் பீய்ச்சி அடிச்சு கல்வெட்டு எழுத்தை மழிக்கிறோம். வைப்பாற்றங்கரையில, வெம்பக்கோட்டையில 2022ல இருந்து தோண்டி, சங்கு வளையலும் சுடுமண் பொம்மையும் எடுத்து நம்ம பழமைய உலகத்துக்குக் காட்டுறோம். மண்ணுக்குள்ள இருக்கிறதைத் தோண்டி எடுக்கிற நாம, மண்ணுக்கு மேல நிக்கிறதை மண்ணாக்கலாமா?

'வேலையில உயிருக்கு உத்தரவாதம் இல்ல, இதுல பழைய கட்டடம் ஒரு கேடா'ன்னு ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விண்ணே. உயிர்தான் முதல்ல. விழுற நிலையில இருக்கிற கூரைக்குக் கீழே யாரும் உட்காரக் கூடாது, உடனே முட்டுக் கொடுக்கணும். ஆனா முட்டுக் கொடுக்கிறது வேற, மொத்தமா இடிக்கிறது வேற. பழைய கட்டடத்தைக் காப்பாத்துற செலவுல பெரும்பகுதி கூலியாப் போகும். சுண்ணாம்பு அரைக்கிறவர், கொத்தனார், தச்சர், கல் தச்சர்னு பல குடும்பம் சாப்பிடும். சுண்ணாம்புக்கல்லும் நம்ம மாவட்டத்துலயே பந்தல்குடி பக்கம் வெட்டுறாங்க. மருந்து வாசனை இல்லாத ஒரு வேலை நம்ம பிள்ளைகளுக்கு வரட்டுமே.

கடைசியா, நாம செய்ய வேண்டியது மூணு.

ஒண்ணு: உங்க ஊர்ச் சாவடி, மண்டபம், தெப்பக்குளம், பழைய பள்ளிக்கூடம், காரை வீடு எதுவா இருந்தாலும் நாலு பக்கமும் படம் எடுங்க. எழுத்து இருந்தா கிட்டப் போய், பக்கவாட்டு வெளிச்சத்துல எடுங்க. அளவு தெரிய ஒரு ஸ்கேல் வையுங்க. மாவு பூசாதீங்க, சுரண்டாதீங்க.

ரெண்டு: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. கிராம சபைக்குப் போங்க. 'இந்தக் கட்டடத்தைப் பழுதுபார்க்கணும், சுண்ணாம்புக் காரையிலதான் பார்க்கணும், தொல்லியல் துறை பார்க்காம இடிக்கக் கூடாது'ன்னு தீர்மானம் கொடுங்க. நகல் வாங்கிட்டு வாங்க.

மூணு: நம்ம கட்சிக்காரரே தப்பா இடிக்க வந்தாலும், மரியாதையா முன்னாடி நின்னு கேளுங்க. இதைக் கட்சிப் பக்கத்துலயே எழுதுறேன், தைரியமா கேளுங்க.

எங்க அம்மா ஊர்ச் சாவடி போனது போனதுதான். அந்தத் தூண்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு இனி யாரும் எனக்குச் சொல்ல முடியாது. உங்க ஊர்த் தூண் இன்னும் நிக்குது. நாளைக்குக் காலையில வேலைக்குப் போற வழியில ஒரு நிமிஷம் நின்னு, ஒரே ஒரு படம் எடுத்து, ஊர்ப் பெயரோட கீழே போடுங்க. இந்த வாட்டி செல்ஃபி வேண்டாம்.



#நம்மஊர்ச்சாவடி #இடிக்காதேபழுதுபார்