விடுதிச் சிறுவன் வாரியத் தலைவரானார்



லண்டனின் கிழக்கே, தேம்ஸ் நதியோரம் பாப்ளர் என்றொரு துறைமுகப் பகுதி. 1852-இல் அங்கே பிறந்தவர் வில் குரூக்ஸ். தகப்பனார் கப்பல் கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போட்டவர். இயந்திரத்தில் சிக்கி ஒரு கையை இழந்தார். எழுதப் படிக்கத் தெரியாத தாயார் துணி தைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். ஏழைகள் நிவாரண வாரியம் கொடுத்துவந்த சொற்ப உதவியும் 1861-இல் நின்றது. பிள்ளைகளை ஏழையர் விடுதிக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்கள். தகப்பனாரும் கூடப் போனார். உள்ளே தகப்பன் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். தாயார் வெளியே. பசியையாவது அந்த வயதில் தாங்கிவிடலாம். அந்தப் பிரிவை எப்படித் தாங்குவது?

அந்தப் பிள்ளைகளில் ஒருவரான குரூக்ஸ் வளர்ந்து பீப்பாய் செய்யும் தொழிலாளியானார். துறைமுக வாசலில் நின்று தொழிலாளர்களிடம் பேசினார். பிறகு நடந்ததைக் கேளுங்கள். எந்த வாரியம் அவரைத் தாயிடமிருந்து பிரித்ததோ, அதே வாரியத்துக்கு உறுப்பினரானார். 1890-களின் கடைசியில் அதற்கே தலைவரும் ஆனார்!

பழிவாங்கவா போனார்? சாப்பாட்டைப் பார்க்கப் போனார். விடுதியில் போட்ட கூழைக் கவனித்தார், ரொட்டியைக் கவனித்தார்; நல்ல உணவு வர வழி செய்தார். ஏழை என்று முத்திரை குத்திய சீருடையை மாற்றி, மற்றவர்களைப்போல உடுத்த வைத்தார். கோப்பைப் படித்தா இது தெரியும்? அந்தக் கூழைக் குடித்தவருக்குத்தான் தெரியும்.

செலவு மிஞ்சிவிட்டது என்று 1906-இல் அரசாங்கம் விசாரணை வைத்தது. மக்கள் பணத்துக்குக் கணக்குக் கேட்பது நியாயமே. ஆனால் ஏழையின் தட்டில் விழும் சோற்றை மட்டும் ஊதாரித்தனம் என்று எண்ணுவதை நான் ஏற்க மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குரூக்ஸ் லண்டன் கவுன்டி கவுன்சிலிலும் உறுப்பினராக இருந்தார். அதன் உறுப்பினருக்கு அப்போது சம்பளம் கிடையாது. பாப்ளர் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு சேர்த்து, வாராவாரம் அவருக்குக் கொடுத்தார்கள். அந்தக் காசு இருந்ததால்தான் அவர் அங்கே உட்கார முடிந்தது. 1901-இல் பாப்ளரின் மேயரானார். லண்டனிலேயே முதல் தொழிலாளர் இயக்க மேயர் அவர்.

புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் வார்டு உறுப்பினர்களே, உங்கள் மன்றத்திலும் அன்றைய கூலியை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வரும் உறுப்பினர் இருப்பார். அவர் வீட்டு அடுப்பு எரிகிற அளவுக்கு மதிப்பூதியம் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். அவர் பேச எழுந்தால், முழுதாகப் பேசி முடிக்க விடுங்கள்.