எழுவாய் மறைந்த செய்தி



ஊடக அறமும் அரசியல் பொறுப்புடைமையும் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு மொழி மன்றத்தார் பணித்துள்ளனர். சட்ட வல்லுநரும் இதழாளரும் பலகாலும் பேசிய பொருள் இது. நம் பயிற்சியோ மொழியியல் சார்ந்தது. ஆதலின் நமக்குப் பழகிய வாயில் வழியாகவே இதனுள் நுழைய விரும்புகிறோம். அவ்வாயில் வாக்கியம். பொது வாழ்வில் ஒருவர் தம் செயலுக்குப் பொறுப்பேற்க வேண்டுமெனில், அச்செயலைச் சொல்லும் வாக்கியத்தில் அவர் எழுவாயாக நிற்றல் வேண்டும். எழுவாயை மறைக்கும் வாக்கியம் பொறுப்பையும் உடன் மறைத்துவிடுகிறது. இன்று நாம் சொல்ல வந்த கருத்து இது ஒன்றே.

ஒரு செயல் நிகழ வேண்டுமாயின் அதற்குரிய உறுப்புகள் எட்டு எனத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வகுத்தார். செயல், செய்பவர், செயப்படுபொருள், இடம், காலம், கருவி, யாருக்காக, என்ன பயன் கருதி என அவற்றை இன்றைய தமிழில் சொல்லலாம். இதழியல் மாணவர்களுக்கு யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்னும் ஆறு வினாக்களை முதல் பாடமாகக் கற்பிக்கின்றனர். இவ்விரு பட்டியலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நம் பழைய பட்டியலில் 'யாருக்காக' என்னும் வினா தனியே நிற்கிறது. பொதுப்பணத்தைப் பற்றிய எந்தச் செய்திக்கும் இன்றியமையாத வினா அது.

எட்டு உறுப்புகளும் ஒவ்வொரு வாக்கியத்திலும் வெளிப்பட வேண்டும் என்று இலக்கணம் கட்டாயப்படுத்தவில்லை. திண்ணையை ஒருவர் மெழுகியிருப்பார். பேசுவோரோ திண்ணை தானே மெழுகிக்கொண்டது போலச் சொல்வர். செயப்படுபொருளைச் செய்ததுபோலக் கூறும் இவ்வழக்கையும் தொல்காப்பியர் மரபென்றே ஏற்றார். வீட்டு வழக்கில் இதனால் கேடில்லை. மெழுகியவர் யாரென்பது வீட்டாருக்குத் தெரியும். ஆனால் 'ஒப்பந்தம் கைமாறியது', 'நிதி ஒதுக்கப்பட்டது', 'கவனக்குறைவு நேர்ந்துவிட்டது' என்று நாளிதழில் படிக்கும் வாசகருக்கு மெழுகிய கை தெரியாது. அந்தக் கையைக் காட்டுவதற்காகவே அவர் நாளிதழை வாங்குகிறார்.

செயப்பாட்டு வினையைப் பழிப்பது நம் நோக்கமன்று. நள்ளிரவில் ஒரு கடை உடைக்கப்பட்டால், உடைத்தவரை எவரும் அறியாதபோது 'உடைக்கப்பட்டது' என்பதே நேர்மையான சொல். செய்தவர் தெரிந்திருந்தும், அல்லது ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துகொள்ளக் கூடியதாயிருந்தும், '-படு' என்னும் துணைவினைக்குப் பின்னால் அவரை ஒதுங்கி நிற்கவிடுவதையே அறப்பிழை என்கிறோம்.

இனி, நம் நாட்டில் நாம் அனைவரும் கண்ணெதிரே கண்ட ஒரு வழக்கை இவ்வெட்டு வினாக்களால் சோதித்துப் பார்ப்போம். 2015 ஜூலை மாதத் தொடக்கத்தில், அன்றைய பிரதமர் டத்தோஸ்ரீ நஜிப் ரசாக்கின் தனிப்பட்ட வங்கிக் கணக்குகளில் ஏறத்தாழ 70 கோடி அமெரிக்க டாலர் சேர்ந்திருந்ததாக வால் ஸ்திரீட் ஜர்னல் நாளிதழ் வெளியிட்டது. அன்றைய மதிப்பில் அது 260 கோடி ரிங்கிட். ஆகஸ்டு மாதத்தில், அப்பணம் 1எம்டிபி நிறுவனத்தின் பணமன்று, நன்கொடை என மலேசிய ஊழல் தடுப்பு ஆணையம் அறிவித்தது.

'நன்கொடை' என்னும் சொல்லைச் சற்று நிறுத்திப் பாருங்கள். கோயில் திருப்பணி, பள்ளிக் கட்டட நிதி, இறுதிச் சடங்கு உதவி ஆகியவற்றோடு நம் நெஞ்சில் கலந்த சொல் அது. கேட்ட மாத்திரத்தில் ஐயம் தணிகிறது. ஆயினும் இலக்கணப்படி, கொடை என்னும் பெயர் தன்னுள் ஒரு வினையை அடக்கியுள்ளது. கொடுத்தல் என்றால் கொடுத்தவர் ஒருவர் உண்டு. ஏற்றவர் ஒருவர் உண்டு. கருதிய பயன் உண்டு. அறிவிப்பு வந்த வேளையில் கொடுத்தவர் பெயர் இல்லை. 2016 ஜனவரியில், சவூதி அரச குடும்பம் கொடுத்தது என்று கூறிய அன்றைய சட்டத்துறைத் தலைவர், குற்றமேதும் நிகழவில்லை என முடித்தார். எதற்காகக் கொடுக்கப்பட்டது என்ற வினாவுக்கு அப்போதும் விடையில்லை. எட்டு உறுப்புகளில் ஒன்று கிடைத்தது. இன்னொன்று காலியாகவே இருந்தது.

அக்காலத்தில் ஊடகங்கள் யாவும் ஒரே வழி நடக்கவில்லை. தி எட்ஜ் குழுமத்தின் வார இதழும் நிதி நாளிதழும் 1எம்டிபி பற்றித் தொடர்ந்து எழுதின. 2015 ஜூலையில் உள்துறை அமைச்சு அவற்றின் வெளியீட்டு உரிமத்தை மூன்று மாதம் இடைநிறுத்தியது. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. அதே ஜூலையில் சட்டத்துறைத் தலைவராயிருந்த மற்றொருவரின் பணி, உடல்நலக் காரணத்தின் பேரில் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. 'கொண்டுவரப்பட்டது' என்று நாமும் இப்போது சொன்னோம். கொண்டுவந்தவர் யார் என்று உங்களுள் எத்தனை பேர் கேட்டீர்கள்? இவ்வாக்கிய அமைப்பு நம் காதுக்கு எவ்வளவு பழகிவிட்டது என்பதற்கு இதுவே சான்று.

இதழ் நடத்துவோரின் இடர்ப்பாட்டையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றே நாளிதழ் நடத்த முடியும். பெரிய நாளிதழ்கள் சிலவற்றில் அரசியல் கட்சிகளே முதன்மைப் பங்குதாரர்களாக இருந்துள்ளன. அத்தகைய சூழலில் எழுவாயை எழுதுவதற்குத் துணிவு வேண்டும். செய்தியாளரைக் காக்கும் அமைப்பும் வேண்டும். நெடுநாள் கோரிக்கைக்குப் பின் 2025இல் நாடாளுமன்றம் மலேசிய ஊடக மன்றச் சட்டத்தை நிறைவேற்றியுள்ளது. அம்மன்றம் எவ்வளவு உரம் பெறும் என்பதைக் காலம் காட்டும்.

ஊடக அறம் ஆட்சியாளரைச் சுட்டுவதோடு நின்றுவிடுவதில்லை. சுட்டப்பட்டவருக்கும் அது காவல். தமிழில் 'வாங்கினார்' என்பதற்கும் 'வாங்கினாராம்' என்பதற்கும் இடையே 'ஆம்' என்னும் சிறு இடைச்சொல் நிற்கிறது. நாம் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் பிரித்துக்காட்டும் எல்லைக்கல் அது. எழுத்துத் தமிழில் அதன் இடத்தை 'எனக் கூறப்படுகிறது', 'எனத் தெரிகிறது', 'என நம்பப்படுகிறது' ஆகிய தொடர்கள் பிடித்துக்கொண்டன. கூறியவர் யார், நம்புவோர் யார் என்று இவை சொல்வதில்லை. ஒருவரைப் பற்றிய வதந்திக்கு நாளிதழின் மதிப்பை இரவல் கொடுக்கும் தொடர்கள் இவை. 'என்று' என்னும் சொல்லுக்கு முன் கூற்று இருந்தால், பின்னால் கூறியவர் இருத்தல் வேண்டும்.

'குற்றஞ்சாட்டப்பட்டவர்', 'குற்றவாளி' என்னும் இரு சொற்களின் வேறுபாடும் அத்தகையதே. மேற்சொன்ன முன்னாள் பிரதமர் 2018இல் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது குற்றஞ்சாட்டப்பட்டவர் மட்டுமே. 2020 ஜூலை 28ஆம் நாள், எஸ்ஆர்சி நிறுவனத்தின் 4 கோடியே 20 லட்சம் ரிங்கிட் தொடர்பான ஏழு குற்றச்சாட்டுகளிலும் உயர் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. நன்கொடை என்று நம்பியதாகச் சொன்ன எதிர்வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2022 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. அவர் சிறை சென்றார். 12 ஆண்டுத் தண்டனையை 2024இல் மன்னிப்பு வாரியம் பாதியாகக் குறைத்தது. தீர்ப்புக்கு முந்திய இரண்டாண்டுகளில் அவரைக் குற்றவாளி என்று எழுதியவரும், தீர்ப்புக்குப் பின்னும் அச்சொல்லைத் தவிர்த்தவரும் ஒரே பிழையையே செய்தனர். உண்மை நிற்குமிடத்தில் சொல்லும் நிற்பதே அறம்.

தமிழ் நாளிதழ்களுக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. நம் செய்திகளில் பெரும்பகுதி மலாயிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் மாலை நேர அவசரத்தில் பெயர்க்கப்படுபவை. மூலத்தில் அமைச்சின் பெயரோடு வந்த வாக்கியம், தமிழில் 'முடிவெடுக்கப்பட்டுள்ளது' என்று தலையிழந்து நிற்பதைக் காண்கிறோம். அது யாருடைய சூழ்ச்சியுமன்று, பழக்கத்தின் விளைவு. ஆயினும் தமிழில் மட்டும் செய்தி படிக்கும் முதியவர் ஒருவருக்கு, முடிவெடுத்தவர் யாரென்று தெரியாமலே போய்விடுகிறது. அவரும் வாக்களிப்பவர்.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். செய்வினை, செயப்பாட்டு வினை மாற்றத்தைத் தேர்வுக்குரிய பயிற்சியாக மட்டும் நடத்தாதீர்கள். வாரம் ஒருநாள் நாளிதழின் முதற்பக்கத்தை வகுப்பில் விரித்து வையுங்கள். வினைமுற்றுகளை அடிக்கோடிடச் சொல்லுங்கள். ஒவ்வொரு வினைக்கும் அந்த எட்டு வினாக்களை மாணவர் கேட்கட்டும். விடை கிடைக்காத வினாக்களை ஒரு தாளில் எழுதி, நாளிதழின் ஆசிரியருக்கு மரியாதையோடு அனுப்பட்டும். பத்து வாரம் கழித்து அம்மாணவர் அரசியல்வாதியின் மேடைப்பேச்சை வேறு காதால் கேட்பார். தம் கைப்பேசிக்கு வந்த செய்தியைப் பிறருக்கு அனுப்புமுன், 'சொன்னவர் யார்' என்றும் தம்மையே கேட்டுக்கொள்வார்.

இத்தகைய வாசகர் பெருகினால், எழுவாயை மறைத்து எழுதுவது இதழ்களுக்கு எளிதாயிராது. அதன் பின்னால் மறைந்து நிற்பது ஆட்சியாளருக்கும் எளிதாயிராது.