ரூபாயின் நட்டம் யார் தலையில்?

(செங்கல்பட்டில் மாணவர்கள் கூட்டிய வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அம்பேத்கரை நாம எப்படி வச்சிருக்கோம்? நீலக் கோட்டு, கையில் சட்டப் புத்தகம், நீட்டிய விரல். அரசுக்கும் இந்தச் சிலைதான் வசதி. சட்டமேதை என்று மாலை போட்டுவிட்டால், நிலத்தைப் பற்றியும் கூலியைப் பற்றியும் அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவர் முதலில் பொருளாதாரம் படித்தவர். வங்கிக் கவுண்டரில் தினமும் ரூபாய் எண்ணுகிறவன் என்ற முறையில் அந்த அம்பேத்கரைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

1913-ல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகம் போகிறார். அங்கே அவருடைய ஆசிரியர் செலிக்மன், வரிகளையும் அரசு நிதியையும் ஆராய்ந்தவர். 1915-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் பற்றி எம்.ஏ. ஆய்வு. 1916-ல் லண்டன் பொருளாதாரப் பள்ளி. அடுத்த வருசமே உதவித்தொகை முடிந்துபோக ஊர் திரும்புகிறார். பரோடாவில் உத்தியோகம் உண்டு, தங்க இடம் கிடையாது. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். 1918-ல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர். ஆசிரியர்களுக்கு வைத்த பானையில் இந்தப் பேராசிரியர் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று கூட வேலை பார்த்தவர்களே எதிர்த்தார்கள். கொலம்பியா பட்டம் அந்தப் பானை வரைக்கும்கூட எட்டவில்லை.

1920-ல் சேமிப்பும் கோலாப்பூர் சாகு மகராஜின் உதவியும் சேர்த்து மறுபடி லண்டன். 1921-ல் எம்.எஸ்ஸி. 1922-ல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்திலும் பொருளாதாரம் படிக்கப் போனார், அங்கே நீடிக்கவில்லை. 1923-ல் ‘ரூபாயின் பிரச்சினை’ ஆய்வுக்கு லண்டனில் டி.எஸ்ஸி. புத்தகத்துக்கு முன்னுரை எழுதிய பேராசிரியர் எட்வின் கேனன், இந்த முடிவுகளில் பலவற்றை ஏற்கவில்லை என்று அதிலேயே எழுதினார். 1927-ல் கொலம்பியா பி.எச்டி.

அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கு? 1893-ல் ஆங்கிலேய அரசு நாணயச் சாலையில் தனியார் வெள்ளி அடிப்பதை நிறுத்தியது. பிறகு ரூபாயைப் பவுனோடு ஒரு விகிதத்தில் கட்டி வைத்தது. இந்த ஏற்பாடு நல்லது என்று 1913-ல் கெயின்ஸ் எழுதினார். அம்பேத்கர் அதை மறுத்தார். ரூபாயை எவ்வளவு வெளியிடுவது என்பதை ஆட்சியாளர் இஷ்டத்துக்கு விட்டால் விலைவாசி ஏறும்; அதுக்கு ஒரு கடிவாளம் வேணும் என்றார். ரூபாய் மதிப்பு இறங்கினால் ஏற்றுமதி பெருகும், நாட்டுக்கு லாபம் என்று வியாபாரிகள் சொன்னார்கள். அவர் கணக்குப் போட்டுக் காட்டினார்: விலை ஏறுகிற வேகத்தில் கூலி ஏறுவதில்லை. ஆகவே அந்த லாபம் வெளிநாட்டிலிருந்து வருவதல்ல. கூலிக்காரன் வயிற்றிலிருந்து எடுத்து முதலாளி பெட்டியில் போடுவது.

‘நாட்டுக்கு லாபம்’ என்று யார் சொன்னாலும் யாருக்கு லாபம், யார் தலையில் நட்டம் என்று கேட்பதுதான் அவருடைய பொருளாதாரம்.

ரிசர்வ் வங்கியையே அவர்தான் உருவாக்கினார் என்று நம்ம பசங்க போஸ்டர் அடிக்கிறாங்க. 1925-ல் ஹில்டன் யங் கமிஷன் முன் அவர் சாட்சியம் சொன்னார். அந்தக் கமிஷன் 1926-ல் மத்திய வங்கி வேண்டும் என்றது. 1935-ல் ரிசர்வ் வங்கி வந்தது. இது போதும். அவரை உயர்த்த நமக்கு மிகை தேவையில்லை.

இப்ப நம்ம மண்ணுக்கு வருவோம். அம்பேத்கர் பிறந்த அதே 1891-ல், செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். தரிசு நிலத்தைக்கூட மிராசுதார்கள் இவர்கள் கைக்குப் போகவிடாமல் மறிப்பதை அதில் காட்டினார். 1892-ல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. மற்றவர்களுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வழங்கியதுதான் பஞ்சமி நிலம். அது எங்கே? மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் அந்த நிலத்தைக் கேட்டார்கள். 1994 அக்டோபர் 10-ல் இதே செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமா போய்ப் பாருங்க. சவுக்குத் தோப்பு இருந்த இடத்தில் ரிசார்ட், மதில், காவல்காரன். வளர்ச்சி என்கிறார்கள். நிலத்தின் விலை ஏறியது. அந்த நிலத்தில் நாற்று நட்டவளின் கூலி அதே வேகத்தில் ஏறியதா? கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பார்ப்பது: பட்டா உள்ளவனுக்கு நிலம் அடமானமாகும், கடனாகும், பிள்ளை படிப்பாகும். பட்டா இல்லாதவள் காதுத் தோட்டைக் கழற்றித் தருகிறாள். பஞ்சமி நிலம் போனது என்றால் மண் மட்டும் போகவில்லை. நூறு வருச மூலதனம் போயிருக்கு.

ஆளுக்கு அரை ஏக்கர் கொடுத்தால் முடிந்ததா என்றால், இல்லை. 1918-லேயே சிறு நிலவுடைமை பற்றிய கட்டுரையில் அவர் எழுதிவிட்டார்: உழைப்பும் மூலதனமும் சேராத நிலம், துண்டு பெரிசா இருந்தாலும் சோறு போடாது. நிலத்தில் முடங்கிய ஆட்களுக்குத் தொழில் வேண்டும். 1947-ல் ‘அரசுகளும் சிறுபான்மையினரும்’ எழுதியபோது இன்னும் மேலே போனார். நிலம் அரசுடைமை ஆகணும், சாதி பார்க்காமல் குத்தகைக்குத் தரணும், கூட்டாகப் பயிரிடணும், விதைக்கும் மாட்டுக்கும் அரசு பணம் தரணும். அரசியல் சட்டத்தில் இதற்கு இடம் கிடைக்கவில்லை. சட்டமேதை என்று கும்பிடுகிற யாரும் இதைச் சொல்வதில்லை.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. ஆளுக்கு ஒரு கிராமம் எடுங்க. தாலுகா ஆபீசில் அ-பதிவேட்டையும் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் கேளுங்க. தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்க. எந்த சர்வே எண் நம்ம பேரில் இருந்தது, எந்த வருசம் யார் பேருக்கு மாறியது என்று எழுதி வாங்க. அடுத்த கூட்டத்தில் பேச்சு வேண்டாம். அந்தக் கணக்கைப் படிப்போம்.