நாதமும் நரம்பும்

(குடமுழுக்கு விழாச் சொற்பொழிவு)

தேவாரம் திருமுதுகுன்றம் எனப் போற்றும் இவ்விருத்தாசலம், பீங்கான் தொழிலாலும் பெயர் பெற்ற நகரம். சூளையிலிருந்து இறக்கிய கலத்தைக் கைத்தேர்ச்சி உடையவர் கண்ணால் பார்ப்பதோடு அமைவதில்லை. விரலால் சுண்டிச் செவி கொடுக்கிறார். கணீரென்று ஒலித்தால் கலம் நன்று. ஒலி மழுங்கினால், கண்ணுக்குத் தோன்றாத மயிரிழை விரிசல் எங்கோ உண்டு என்பது பொருள். 1,000 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்தில் வெந்து ஒன்றுபட்ட மண்ணில் அதிர்வு தடையின்றி ஓடும். விரிசல் கண்ட இடத்தில் சிதைந்து அடங்கும். ஒலி யாது என்னும் வினாவிற்கு விடை இங்கேயே கிடைக்கின்றது. அதிரும் பொருள் வேண்டும். அவ்வதிர்வை ஏந்திவரும் காற்று வேண்டும். கேட்கும் செவியும் வேண்டும்.

அதிர்வு ஒரு நொடியில் எத்தனை முறை நிகழ்கின்றதோ, அதற்கேற்பச் சுரம் தாழும் அல்லது உயரும். மனிதச் செவி ஏறக்குறைய 20 முதல் 20,000 அதிர்வு வரை உணரவல்லது. நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வு இருமடங்காகி அதே சுரம் மேல் தானத்தில் பிறக்கும். நீளத்தை மூன்றில் இரண்டு பங்காக்கினால் இளி, அஃதாவது பஞ்சமம் பிறக்கும். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என நம் முன்னோர் ஏழிசையை வகுத்தது இத்தகைய உறவுகளைச் செவியால் அளந்தே. ஓங்கி மீட்டுவதால் ஒலி பெருகுமேயன்றிச் சுரம் மாறாது. ஒரே சுரத்தைக் குழலும் யாழும் இசைக்கும்போது இது குழல், இது யாழ் என நாம் பிரித்தறிவது, அடிச்சுரத்தோடு கூடி எழும் நுண்சுரங்களின் அளவு வேறுபடுவதாலாகும். மனிதக் குரலுக்கோ தொல்காப்பியர் உந்தியில் எழும் காற்றையே முதலாகக் கொண்டு, தலை, மிடறு, நெஞ்சு முதலாக எட்டிடங்களை வகுத்தார்.

இசை முதலில் எங்கே பிறந்தது? அரசவையில் அன்று. பெரும்பாணாற்றுப்படை காட்டும் இடையன், தீக்கடைகோலால் மூங்கிலைத் துளைத்துக் குழல் செய்து பாலைப்பண் ஊதுகிறான். அது சலித்தபின் குமிழங்கொம்பில் மரல்நாரைக் கட்டி வில்யாழாக்கிக் குறிஞ்சிப்பண் மீட்டுகிறான். ஆடு மேய்க்குமிடத்திலேயே காற்றுக் கருவியும் நரம்புக் கருவியும் கிடைத்துவிட்டன!

அவ்வில்லிலிருந்து வளர்ந்த பேரியாழ் மரபின் சிறந்த கலைஞர் ஒருவர், இவ்வூரிலிருந்து ஜயங்கொண்டம் செல்லும் வழியில், பத்துக் கல் தொலைவுக்குள், இன்று இராசேந்திரப்பட்டினம் எனப்படும் திருஎருக்கத்தம்புலியூரில் தோன்றினார். அவரே திருநீலகண்ட யாழ்ப்பாணர். மனைவியார் மதங்கசூளாமணியாரோடு சீகாழி சென்று, ஞானசம்பந்தரின் பதிகங்களை யாழிலிட்டு வாசித்தார். திருத்தருமபுரத்தில் அவருடைய சுற்றத்தார், பதிகத்தின் பெருமை யாழாலேயே பரவுகின்றது என்றனர். பாணர் நடுங்கினார்; யாழில் அடங்காத ஒன்றைப் பாடியருளுமாறு தாமே வேண்டினார். சம்பந்தர் பாடினார், யாழ் தொடர முடியவில்லை. கருவியை உடைக்க ஓங்கிய பாணரைத் தடுத்து, இயன்ற அளவு வாசிக்குமாறு பணித்தார் பிள்ளையார்.

யாழின் ஒவ்வொரு நரம்பும் ஒரு சுரத்திற்கே உரியது. குரலோ சுரத்திற்கும் சுரத்திற்கும் இடைப்பட்ட வெளியிலும் வழுக்கி உலவவல்லது. இவ்வளவே யாழ்முரியின் நுட்பம் எனலாம். தம் கருவியின் எல்லையைத் தாமே காட்டக் கேட்ட கலைஞரின் பெருமை, அந்நுட்பத்தினும் பெரிது.

பின்னர் வந்தது பெரியதோர் இழப்பு. தில்லையில் அடைபட்டிருந்த தேவார ஏடுகளில் செல்லரித்தவை போக எஞ்சியவற்றை அரசனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டனர். சொற்கள் கிடைத்தன, பண்கள் கிடைக்கவில்லை. ஓலை எழுத்தைத் தாங்கும், இசையைத் தாங்காது. அப்பொழுது யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியை எருக்கத்தம்புலியூரிலிருந்து அழைத்துவந்து, அவளைக் கொண்டு பண் வகுத்தனர் எனத் திருமுறைகண்ட புராணம் கூறுகின்றது. சுந்தரர் இம்முதுகுன்றத்து மணிமுத்தாற்றில் இட்ட பொன் திருவாரூர்க் குளத்தில் கிடைத்தது போல, ஏட்டில் இழந்த பண் ஒரு குடிமகளின் மிடற்றில் கிடைத்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் திருப்பதியம் பாட 48 பிடாரர்களையும், உடுக்கைக்கும் கொட்டிமத்தளத்திற்கும் ஒவ்வொருவரையும் நியமித்தமை கல்வெட்டால் அறியப்படுகின்றது.

யாழோ வழக்கொழிந்தது. அதன் இலக்கணத்தை மீண்டும் கணக்கிட்டுக் காண விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைக்க வேண்டியிருந்தது; அவருடைய யாழ்நூல் 1947இல் வெளிவந்தது. கேட்டுப் பழகிய செவிகள் ஒரு தலைமுறை இல்லாதொழிந்தால் எத்துணை உழைப்பு வேண்டியிருக்கிறது, பாருங்கள்! ஒலிப்பதிவு இன்று குரலைக் காக்கின்றது. ஆயினும் மாணாக்கன் பிழைபடப் பாடினால், அன்று என்று திருத்த அதற்கு வாயில்லை.

யாழ்முரிப் பதிகத்தை ஓதுவார்கள் இந்நாளில் அடாணா இராகத்தில் பாடுகின்றனர். ஓர் அடியை ஆசிரியர் பாட, மாணாக்கர் திருப்பிப் பாடுவர். சரியாக அமையும்வரை அடுத்த அடிக்குச் செல்வதில்லை.