மிதக்கும் கல்லும் கணக்குப் போடும் சில்லும்

(இராமநாதபுரத்தில் நமது தோழர்கள் அமைத்த அறிவியல் வரலாற்றுக் காட்சியைத் திறந்துவைத்து நாம் பேசியதன் சாரம்.)



இந்த மேசையின்மேல் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, சட்டித் தண்ணீரில் மிதக்கும் ஒரு கல். மற்றொன்று, பூரானைப்போல் நாற்பது கால்களோடு கிடக்கும் ஒரு கறுப்புச் சில்லு. கல் ஒரே நாளில் கிடைத்துவிட்டது. சில்லைத் தேட நமக்கு மூன்று மாதம் பிடித்தது.

இந்தக் காட்சியில் கம்ப்யூட்டரின் வரலாற்றைக் காட்டுவதென்று தீர்மானித்தபோது, படம் மாட்டினால் போதாது, பழைய சில்லு ஒன்றையே வைக்கவேண்டும் என்று தோழர்கள் சொன்னார்கள். நமக்கும் அது நியாயமாகவே பட்டது. இராமன் பாதமென்று கல்லில் தடம் காட்டுகிற ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, மனிதன் செய்த பொருளை வெறும் படமாகக் காட்டினால் யார் மதிப்பார்கள்?

ஆனால் தேடியபோதுதான் சங்கதி தெரிந்தது. ஆபீசுகளில் பழையவற்றை எல்லாம் ஏலம் போட்டுவிட்டார்கள். பழுதுபார்க்கும் கடைகளில் பத்து வருஷத்துக்கு முந்தியதே இல்லை. காயலாங்கடைகளிலோ, உள்ளே இருக்கும் அணுவளவு தங்கத்துக்காகச் சில்லுகளைக் கிலோக் கணக்கில் வாங்கிப்போய்விட்டார்கள். யுகக் கணக்கில் சொல்லும் கதைகளுக்கு அத்தாட்சி கேட்டால் தெருவுக்கு ஒன்று காட்டுகிறார்கள்; நாற்பது வருஷத்துக்கு முந்திய மனித அறிவுக்கு அத்தாட்சி கேட்டால் ஒன்றும் அகப்படவில்லை!

கடைசியில் இராமேசுவரத்தில் ஒரு காயலாங்கடையில் ஒரு பெட்டி அகப்பட்டது. அதன் நெற்றியில் ஆயுத பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. கடைக்காரர், "எதுக்கு அய்யா இந்தச் செத்த மிஷினு? கம்ப்யூட்டர் ஜாதகம் போட்ட கடையிலேருந்து வந்தது. இப்ப எல்லாரும் செல்போன்லயே பார்த்துக்கிறாக. ஊருக்கெல்லாம் ஆயுசு சொன்னது, அதோட ஆயுசு அதுக்குத் தெரியலை" என்றார். பகுத்தறிவுப் பிரசாரத்துக்கு இதைவிட நல்ல வாசகம் நமக்கும் தோன்றியிருக்காது.

தோழர்களே! இந்தமாதிரிப் பெட்டியோடு நமக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பேசி முடித்த கல்யாணம் ஒன்று நின்றுபோயிற்று. பெண்ணுக்குச் செவ்வாய் தோஷமென்று கம்ப்யூட்டர் அச்சடித்துக் கொடுத்துவிட்டது. தகப்பனாரிடம் வாதாடினோம். அவர், "சோசியன் சொன்னா பொய்யின்னு தள்ளலாம் அண்ணே. கம்ப்யூட்டருக்கு நம்ம மேல என்ன பகை? அது ஏன் பொய் சொல்லப்போகுது?" என்று கேட்டார். அன்று நமக்கு விடை தெரியவில்லை. சோதிடனைக் கண்டிக்கத் தெரிந்ததே தவிர, சில்லு என்ன செய்கிறதென்று நாமும் படித்திருக்கவில்லை. தலைகுனிந்து வந்தோம். அந்தப் பெண்ணுக்கு அடுத்த இடம் அமைய ஆறு வருஷம் ஆயிற்று. அந்தக் கேள்விக்குத்தான் இன்று, காலம் கடந்து, பதில் சொல்லுகிறோம்.

இந்தச் சில்லின் பெயர் 8088. அமெரிக்காவில் இன்டெல் கம்பெனி 1979-ல் வெளியிட்டது. 1981-ல் ஐ.பி.எம். கம்பெனி சொந்தக் கம்ப்யூட்டரை இதை வைத்தே செய்தது. இதற்குள் டிரான்சிஸ்டர் என்னும் நுண்ணிய சுவிட்சுகள் 29,000 இருக்கின்றன. மின்சாரத்தை விடுவது, நிறுத்துவது, அவ்வளவே அவற்றின் வேலை. அதைக்கொண்டு கூட்டும், கழிக்கும், எது பெரிது எது சிறிது என்று ஒத்துப்பார்க்கும், சொன்ன இடத்தில் இருப்பதை எடுத்துவரும்.

பிறந்த நாளும் நேரமும் ஊரும் கொடுத்தால், அன்று செவ்வாய் வானத்தில் எங்கே இருந்ததென்று அது கணக்குப் போட்டுவிடும். அந்தமட்டில் அது வானநூல். கணக்கும் சரியாகவே இருக்கலாம். ஆனால், "ஏழாமிடத்தில் செவ்வாய் இருந்தால் புருஷனுக்கு ஆகாது" என்பது எந்தக் கணக்கில் வந்தது? அது ஒரு மனிதன் தட்டெழுதி உள்ளே வைத்த வாக்கியம். "ஏழில் செவ்வாய் இருந்தால் லாட்டரி விழும்" என்று வைத்திருந்தால், அதையும் அதே சுத்தமான எழுத்தில் அச்சடித்துத் தந்திருக்கும். தோழர் ஒருவர் தம் வீட்டுக் கன்றுக்குட்டி பிறந்த நேரத்தை ஒரு கடையில் கொடுத்தார். வெளிநாட்டு யோகமும் இரண்டு தாரமும் உண்டென்று வந்தது! கம்ப்யூட்டருக்கு நம்மேல் பகையும் இல்லை, உறவும் இல்லை. பொய் சோதிடனுடையது, அச்சுதான் கம்ப்யூட்டருடையது. பழைய புரோகிதன் சமஸ்கிருதத்தில் ஒளிந்துகொண்டான். புதிய புரோகிதன் சில்லுக்குள் ஒளிந்துகொள்ளுகிறான்.

சில்லு யார் அருளால் வந்தது? 1947-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையில் பார்டீன், பிராட்டன், ஷாக்லி ஆகியோர் டிரான்சிஸ்டரைக் கண்டார்கள். 1958-ல் கில்பியும் 1959-ல் நாய்சும் பல உறுப்புகளை ஒரே சில்லில் அமைக்க வழி கண்டார்கள். 1971-ல் ஒரு ஜப்பானியக் கம்பெனியின் கணக்கிடும் கருவிக்காக 4004 என்ற சில்லு பிறந்தது; அதில் 2,300 டிரான்சிஸ்டர்கள். அதைச் செய்தவர்களில் பாகின் இத்தாலியில் பிறந்தவர், ஷிமா ஜப்பானியர், ஹாப்பும் மேசரும் அமெரிக்கர்கள். இவர்களில் எவரும் எவருடைய முகத்திலும் பிறந்தவர்களல்ல. எல்லாரும் தாய் வயிற்றில் பிறந்தவர்களே. 2020-ல் வந்த ஆப்பிள் எம்-1 சில்லில் 1,600 கோடி டிரான்சிஸ்டர்கள். மகன் தகப்பனை மிஞ்சினான். யாரும் அதைப் பாவமென்று சொல்லவில்லை.

இவர்கள் தப்பே செய்யாதவர்களா? செய்தார்கள். 1994-ல் இன்டெலின் பென்டியம் சில்லு சில வகுத்தல்களில் தப்பு விடை தருவதை நைஸ்லி என்ற கணக்கு வாத்தியார் கண்டுபிடித்தார். முதலில் கம்பெனி அதைச் சிறிது படுத்தவே பார்த்தது. ஜனங்கள் விடவில்லை. முடிவில், கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டு, அதற்காக 47.5 கோடி டாலர் ஒதுக்கியது. தோழர்களே! உலகம் தட்டையென்று சொன்ன எந்தப் புராணத்தையாவது, "பிழை இருக்கிறது, மாற்றித் தருகிறோம்" என்று எவராவது திரும்ப வாங்கியதுண்டா?

இதெல்லாம் வெள்ளைக்காரன் மூளை என்று ஒதுங்கவேண்டியதில்லை. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் நடத்திய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் 1979 ஆகஸ்டு 10-ந் தேதி கடலில் விழுந்தது. பழுதைத் தேடித் திருத்தினார்கள். 1980 ஜூலை 18-ந் தேதி ரோகிணியை வானத்தில் ஏற்றினார்கள். மொகாலியில் 1984-ல் சில்லு செய்யத் தொடங்கிய அரசாங்கத் தொழிற்சாலை 1989-ல் தீக்கு இரையாயிற்று, மறுபடி எழுப்பினார்கள். ராக்கெட்டுக்காக அங்கே செய்த விக்ரம் 3201 என்ற சில்லு 2025-ல் வெளிவந்தது. விழுந்ததையும் எரிந்ததையும் எழுந்திருக்கச் செய்தது பரிகாரமா, ஆராய்ச்சியா?

இனி இந்தக் கல்லுக்கு வருவோம். இதே மாதிரிக் கல்லைத் தொட்டியில் மிதக்கவிட்டு, இராமன் பாலம் கட்டிய கல்லென்று காட்டுகிறார்கள். இது நுரைக்கல், எரிமலைக் குழம்பு நுரைத்து உறைந்தது. உள்ளெல்லாம் காற்றுப் புரை. அதனால் தன் அளவுத் தண்ணீரைவிட எடை குறைவு, ஆகவே மிதக்கிறது. 1883-ல் கிரகடோவா எரிமலை வெடித்தபோது இப்படிப்பட்ட கற்கள் இந்து மகாசமுத்திரத்தைக் கடந்து ஆப்பிரிக்கக் கரைவரை மிதந்துபோயின. அவற்றுக்கு எந்த இராமன் பெயரெழுதி விட்டான்?

இதில் ஒரு வேடிக்கை. சில்லுக்கு மூலப்பொருளான சிலிக்கனும் மணலிலும் கல்லிலும் இருப்பதுதான். ஒரு கல்லைக் காட்டி ஒருவன் காணிக்கை வாங்குகிறான். இன்னொரு கல்லைச் சுத்தப்படுத்தி, உருக்கி, தகடாக அறுத்து ஒருவன் கணக்குப் போட வைக்கிறான். கல்லில் உயர்வு தாழ்வில்லை. கையாளுகிறவன் அறிவில்தான் இருக்கிறது.

பெட்டியின்மேல் காய்ந்த குங்குமத்தை நாம் துடைக்கவில்லை. அதுவும் வரலாறு, இருக்கட்டும். பிள்ளைகளை அழைத்து வாருங்கள்; முக்கியமாகப் பெண் பிள்ளைகளை அழைத்து வாருங்கள். இந்தக் கல்லை எடுத்து எடை போடலாம். சில்லின் கால்களை எண்ணலாம். இவற்றைத் தொட யாரும் குளித்துவிட்டு வரவேண்டியதில்லை. என்ன சாதியென்று கேட்பாரும் இல்லை. நாம் சொன்னதில் பிழை கண்டால் தாராளமாகச் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளுகிறோம். வீட்டில் நாளைக்கு ஒரு கல்யாணப் பேச்சு வந்து, யாராவது கம்ப்யூட்டர் காகிதத்தை நீட்டினால், "இந்த வாக்கியத்தை உள்ளே எழுதி வைத்தவன் யார்?" என்ற ஒரு கேள்வியை மாத்திரம் கேளுங்கள். அன்று அந்தத் தகப்பனாரிடம் நாம் சொல்லத் தவறியது அதுதான்.