துரு பிடிச்ச சைலன்ஸரும் 2 கிலோமீட்டர் சவாரியும்

இன்னைக்கு கோடிங் இல்ல, சைலன்ஸர்.

என் வண்டி 2009 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் ப்ளஸ், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. 2024-ல 15 வருஷம் முடியுது, ஆர்.சி. புதுப்பிக்கணும். சரியா அந்த நேரம் பார்த்து வண்டி டிராக்டர் மாதிரி கத்த ஆரம்பிச்சுது. குனிஞ்சு பார்த்தா சைலன்ஸர் அடியில விரல் நுழையற அளவுக்கு ஓட்டை. இந்தச் சத்தத்தோட இன்ஸ்பெக்ஷனுக்கு எப்படிப் போறது?

பழியை நேரா கடல் மேல போட்டேன். மாசத்துக்கு ரெண்டு தடவை செங்கல்பட்டுல இருந்து திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் போவேன், சுமார் 30 கிலோமீட்டர். உப்புக் காத்துதான் அரிச்சிடுச்சுன்னு அந்தப் பக்கம் போறதையே நிறுத்திட்டேன். ஓட்டையை எம்-சீல் வச்சு அடைச்சேன். அது அந்தச் சூட்டுக்கான பொருளே இல்ல, உதிர்ந்துடுச்சு. தப்பு என்னோடது.

மெக்கானிக் அண்ணன் ஒரே கேள்விதான் கேட்டார்.

"தம்பி, தினமும் எவ்ளோ தூரம் ஓட்டுற?"

"வீட்ல இருந்து ஸ்டேஷன்ணா. 2 கிலோமீட்டர். அப்புறம் ட்ரெயின்."

"அதான். இது உள்ள இருந்து தின்ன துரு."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பெட்ரோல்ல இருக்கற ஹைட்ரஜன் எரிஞ்சா தண்ணி ஆகுது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி! இன்ஜினியரிங் படிச்சவன், இதை யோசிச்சதே இல்ல. நல்லா சூடான சைலன்ஸர்ல அது ஆவியா வெளிய போயிடும். 2 கிலோமீட்டர்ல சைலன்ஸர் முழுசா சூடாகறதே இல்ல. ஆவி உள்ளயே தண்ணியாகி, புகையோட கலந்து லேசா அமிலமாகி, அடியில தேங்கி அரிக்குது. உப்புக் காத்தும் அரிக்கும்தான், ஆனா வெளிப்பக்கமா.

இன்னொரு கூத்து. தண்ணி வடியறதுக்குன்னு சைலன்ஸர் அடியில ஒரு குட்டி ஓட்டை இருந்திருக்கு. அதையும் துரு ஓட்டைன்னு நினைச்சு எம்-சீல் வச்சது நான்தான்.

கழட்டறதுதான் பெரிய வேலை. இன்ஜின் ஹெட்ல இருக்கற ரெண்டு நட்டும் துருவுல இறுகிப் போச்சு. நான் ஸ்பானரை எடுத்தேன், அண்ணன் கையைத் தட்டிவிட்டார். ஸ்டட் உள்ள ஒடைஞ்சா ஹெட்டையே இறக்கணும், செலவு எங்கயோ போயிடும். துரு இளக்கற ஆயிலை அடிச்சு ராத்திரி முழுக்க ஊற விட்டோம். காலைல கொஞ்சம் முன்னாடி, கொஞ்சம் பின்னாடின்னு ஆட்டி ஆட்டித்தான் கழட்டினார்.

ஒட்டு போட வீட்ல கிடந்த ஜி.ஐ. ஷீட் துண்டு ஒண்ணு கொண்டு போயிருந்தேன். வேணாம்னுட்டார். அதுல துத்தநாகப் பூச்சு இருக்கு, வெல்டிங் புகையை இழுத்தா குளிர்காய்ச்சல் வந்துடுமாம். சாதா இரும்புத் தகடு எடுத்தார். துரு ஏறின இடத்தை நல்ல இரும்பு தெரியற வரைக்கும் வெட்டி, கேஸ் வெல்டிங். தகடு மெல்லிசா இருந்தா ஆர்க்ல இன்னும் பெரிய ஓட்டை விழுமாம். புது கேஸ்கெட், மேல சூடு தாங்கற பெயின்ட், அவ்ளோதான். வடிகால் ஓட்டையை மறக்காம திறந்து விட்டார்.

ஆர்.சி. வேலை முடிஞ்சுது. இப்ப ஸ்டேஷனுக்கு நடைதான். ஞாயித்துக்கிழமை மறுபடி மாமல்லபுரம். திரும்பி வந்து வண்டி ஆறினதும் நல்ல தண்ணில கழுவிடறேன். காலைல ஸ்டார்ட் பண்ணா அடியில நாலு சொட்டு விழுது. அம்மா வாசல்ல நின்னு, "டேய், பெட்ரோல் ஒழுகுதுடா!"ன்னு தினமும் கத்தறாங்க.